ஞாயிற்றுக்கிழமை சொட்டு, புதன்கிழமை ஊசி

"வடநாட்டுக்காரங்க பிள்ளைங்களுக்கு ஊசியே போட மாட்டாங்க, அவங்களாலதான் நம்ம பிள்ளைங்களுக்கும் நோய் வருது." கொடுங்கையூர் பக்கம் குடியிருக்கும் யாரும் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். தண்ணி லாரிக்குக் காத்திருக்கும்போது, ரேஷன் கடை வரிசையில், பள்ளிக்கூட வாசலில் என்று எங்கேயும் யாராவது இதைச் சொல்வார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார்மேலாவது பாரத்தைப் போடத்தான் மனசு தேடும். ஆனால் இந்தப் பேச்சு எனக்கு ஒப்பவே மாட்டேன் என்கிறது. என் பாட்டி ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கி வியாசர்பாடியில் குடியேறியவர். 1960-களில் அப்படி வந்தவர்களைப் பற்றியும் இதே ஊர் இதே மாதிரி பேசியிருக்கிறது. வந்த புதிதில் தண்ணிக் குழாயடியில் பர்மாக்காரி என்று ஒதுக்கி நிற்க வைத்ததைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தாயகம் திரும்பியவர்கள் என்று அரசாங்கம் அவர்களைப் பேரெழுதி வைத்திருந்தது. எத்தனை தலை, எத்தனை குழந்தை என்று ஏதோ ஒரு பதிவேட்டில் இருந்தது. இன்றைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வரும் குடும்பத்துக் குழந்தை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

பக்கத்துத் தெருவில் ஒரு லைன் வீட்டில் ஒடிசாவின் பலாங்கிர் மாவட்டத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. ஓர் அறை, பொதுக் குளியலறை, ஓடு மாற்றி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கூரை. புருஷன் முதலில் செங்குன்றம் பக்கத்துச் சூளைக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர். அந்தக் கணக்கு தீர்ந்ததும் கொருக்குப்பேட்டையில் லோடு இறக்கும் வேலைக்கு மாறிவிட்டார். மனைவிக்குப் பழைய பொருள் குடோனில் பிளாஸ்டிக் பிரிக்கும் வேலை, தினக்கூலி. பெரியவள் கார்ப்பரேஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவள் பேசும் தமிழைக் கேட்டால் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் என்றுதான் நினைப்பீர்கள். சின்னவன் கைக்குழந்தை. பிரசவத்துக்கு ஊருக்குப் போய், அறுவடைக்கு முன்னால் வரும் நுவாகாய் பண்டிகையை முடித்துக்கொண்டு குழந்தையோடு திரும்பி வந்திருந்தார்கள்.

2024 மார்ச் 3, போலியோ ஞாயிறு. எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டதால் சொட்டு மருந்து முகாமில் போய் உட்கார்ந்திருந்தேன். அன்று தமிழ்நாடு முழுக்க 43 ஆயிரத்துக்கும் மேல் முகாம்கள். நீல நிற ஐஸ் பெட்டி, அதற்குள் குட்டிக் குட்டி மருந்துக் குப்பிகள், ஒரு மார்க்கர் பேனா, கோடு போட்டு எண்ணும் ஒரு தாள். அவ்வளவுதான் சாமான். குழந்தையின் கன்னத்தை மெல்ல அமுக்கினால் வாய் திறக்கும், இரண்டு சொட்டு, இடது கை சுண்டுவிரலில் மை, தாளில் ஒரு கோடு. பெரியவள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா பின்னால் வந்தார். யாரும் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை. அந்தப் பையன் மருந்தைத் துப்பப் பார்த்தான், டீச்சர் இன்னும் இரண்டு சொட்டு விட்டார். "மை அழியாம பாத்துக்கோ, நாளைக்கு வீட்டுக்கு வந்து பாப்பாங்க" என்று பெரியவளிடம் சொன்னார். மறுநாள் அதேபோல வீடு வீடாகப் போனவர்கள் அந்த லைன் வீட்டுக் கதவிலும் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அந்த ஞாயிறு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு குழந்தை எதிரில் நிற்கிறது, அதற்கு ஐந்து வயது ஆகவில்லை, அது போதும் என்று ஓர் அரசாங்கம் நினைக்கும் நாள் அது. வருஷத்தில் மற்ற நாட்களில் அப்படி இல்லை என்று கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது.

ஒன்பதாம் மாத ஊசி

அந்த மாதம்தான் சின்னவனுக்கு ஒன்பது மாதம் முடிந்தது. தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை அப்போதுதான். அதற்கு முன்னால் போட்டால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடம்பில் மிச்சமிருந்து ஊசியை வேலை செய்யவிடாது. ரொம்பத் தள்ளிப்போனாலும் ஆபத்து, அந்தச் சக்தி தீர்ந்த பிறகு குழந்தைக்குக் காவல் எதுவும் இல்லை. தட்டம்மை மாதிரி ஒட்டும் நோய் வேறு இல்லை என்றே சொல்லலாம். ஊசி போடாதவர்கள் நடுவில் ஒரு நோயாளி 12-லிருந்து 18 பேர்வரை தொற்ற வைப்பார் என்பது கணக்கு. இருமியவர் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஐந்து பேர் படுக்கும் லைன் வீட்டில் அது எப்படிப் பரவும் என்று சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் மணல்வாரி என்று வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணி ஊற்றினால் சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறோம். சத்தில்லாத குழந்தைக்கு வந்தால் அது நிமோனியாவிலும் வயிற்றுப்போக்கிலும் கொண்டுபோய் விடும், கண்ணையும் பறிக்கும். ஊசியோடு சேர்த்து வைட்டமின் ஏ திரவமும் கொடுப்பது அதற்காகத்தான்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அந்தத் தாய் ஹெல்த் சென்டருக்குப் போயிருக்கிறார். புதன்கிழமை வரச் சொல்லி, ஊரில் கொடுத்த தடுப்பூசி கார்டும் ஆதாரும் எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதன் தடுப்பூசி நாள் என்பது தமிழ்நாட்டில் நமக்கெல்லாம் பாடம். நம் வீட்டில் குழந்தை பிறந்தால் புதன்கிழமை என்பது காலண்டரில் தானாக ஏறிக்கொள்ளும், பாட்டியோ சித்தியோ தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வீட்டில் பாட்டி பலாங்கிரில் இருக்கிறார். புதன்கிழமை போனால் ஒரு நாள் கூலி போச்சு. குடோனில் லீவு கேட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும். கூடவே பெரியவளும் பள்ளிக்கூடம் போக முடியாது, அவள்தானே அம்மாவுக்கு வாய். ஒரு புதன் போனது, அடுத்த புதனும் போனது. பெரியவள் என்னிடம் வந்து கேட்டாள். "அக்கா, அம்மா கேக்குது, அந்த ஊசியும் ஞாயித்துக்கிழமை போட மாட்டாங்களா?"

ஊசி போட மாட்டார்கள் என்று யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ, அந்த வீட்டிலிருந்து வந்த கேள்வி இது. 2017-இல் இதே தட்டம்மை ரூபெல்லா ஊசியைப் பள்ளிகளில் பெரிய இயக்கமாகப் போட்டபோது, வாட்ஸ்ஆப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டது யார்? நன்றாகத் தமிழ் படிக்கத் தெரிந்த, சொந்த வீட்டில் குடியிருந்த நம் ஆட்கள்தான். அந்தத் தாய்க்கு ஊசியில் எந்தச் சந்தேகமும் இல்லை. அவருக்கு வழி இல்லாதது கிழமையில்.

மருந்து வயலை உடைப்பது

அடுத்த புதன்கிழமை நானும் கூடப் போனேன். கோபத்தோடுதான் போனேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நீள பெஞ்சில் தாய்மார்கள், ஒரு பக்கம் எடை பார்க்கும் தராசு, சுவரில் தவணை அட்டவணை. எங்கள் முறை வந்தபோது அந்தத் தாய் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மடித்து மடித்து நைந்துபோன கார்டை எடுத்து நீட்டினார். முழுக்க ஒடியா எழுத்து. சிஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைவிட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் குழந்தையின் இடது தோளில் சட்டையை விலக்கி பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார், பட்டாணி அளவுக்கு இருந்தது. பிறகு கார்டில் கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினார். பிறந்ததும் போட்டது, ஆறாவது வாரம், பத்தாவது வாரம் என்று தேதிகள் இருந்தன. அடுத்த வரிசை காலி. "பதினாலாவது வாரம் விட்டுப்போச்சு. ரயிலேறிட்டீங்களா அப்போ?" என்று கேட்டார். பெரியவள் அதை ஒடியாவில் கேட்டுச் சொன்னாள், ஆமாம், அந்த வாரம்தான். சிஸ்டர் சொன்னார்: "எழுத்து எதுவா இருந்தா என்ன, நாடு பூரா தவணை ஒண்ணுதானே. ஒண்ணும் கெட்டுப்போகல, விட்ட இடத்துல இருந்து தொடங்கலாம்."

புதன்கிழமைதான் என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு அவர் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு வயலை, அதாவது சின்ன மருந்துக் குப்பியை, எடுத்துக் காட்டினார். தட்டம்மை மருந்து தூளாகத்தான் வரும். கூட வரும் திரவத்தை விட்டுக் கலக்க வேண்டும். கலக்கிவிட்டால் நாலு மணி நேரம்தான், அதற்குப் பிறகு மிச்சமிருப்பதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு வயலில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கிறது. ஒரு குழந்தைக்காக உடைத்தால் மற்றது வீண், வீணானதற்கு மேலே கணக்குச் சொல்ல வேண்டும். புதன்கிழமை என்றால் பிள்ளைகள் சேர்ந்து வருவார்கள், மருந்து வீணாகாது. போலியோ சொட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதைப் பயிற்சி கொடுத்தால் காலேஜ் பிள்ளைகள்கூடக் கொடுக்கலாம். இதற்கு நர்ஸ் வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரம் குழந்தையை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். "அப்போ ஒரே ஒரு பிள்ளை வந்தா உடைக்கக் கூடாதா?" என்றேன். "உடைக்கலாம். வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னுதான் ரூலே. ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

நான் இங்கேதான் நின்றுவிட்டேன். அன்று அவருக்கு எதிரில் இருந்த பெஞ்சில் ஒன்பது மாதக் குழந்தை இவன் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் ஆறாவது வாரம், பத்தாவது வாரம். காலையில் வந்த ஒன்பதாம் மாதப் பிள்ளைகளுக்காக உடைத்த வயலுக்கு நேரம் முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளுக்குப் போக வேண்டியது ஒரு பிள்ளைக்குப் போகும். அவர் பேச்சை நிறுத்தினார், புது வயலின் மூடியை நிமிண்டி எடுத்தார், திரவத்தை உறிஞ்சி உள்ளே விட்டு மெல்லச் சுழற்றினார், வயலின் மேல் நேரத்தைப் பேனாவால் எழுதினார். வலது கையில் தட்டம்மை ஊசி. தொடையில் விட்டுப்போன ஐந்து நோய்க்கான ஊசி. பையன் வீறிட்டுக் கத்தினான். பிறகு அரை ஸ்பூன் வைட்டமின் ஏ, அழுகை பாதியில் நின்று நாக்கைச் சப்பினான். ஒடியா கார்டின் காலிக் கட்டத்தில் தமிழ்நாட்டுத் தேதி விழுந்தது.

அந்த வயலில் மிச்சமிருந்த மருந்தை விரயம் என்று எந்தத் தாளில் எழுதினாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு குழந்தைக்குத் தட்டம்மை வந்து தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ கிடத்தினால் ஆகும் செலவுக்கு எத்தனை வயல் வாங்கலாம்? அந்தத் தாயின் இழந்த கூலியை யார் விரயக் கணக்கில் எழுதுகிறார்கள்?

பயம் இருந்தால் வழி இருக்கிறது

போலியோ விஷயத்தில் இடம்பெயர்ந்து வருபவர்களின் குழந்தைகளை இந்த நாடு எப்படித் தேடிப் போனது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். ரயில் நிலையம், பேருந்து நிலையம், செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், நரிக்குறவர் குடியிருப்பு என்று நடமாடும் குழுக்கள் போயின. தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. ஆனாலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் இருந்தவரை, அங்கிருந்து வரும் ஒவ்வொரு ரயிலிலும் அது வரலாம் என்ற பயம் இங்கே இருந்தது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டதுதான் நாட்டின் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27-இல் போலியோ இல்லாத பகுதி என்று சான்றிதழ் வந்தது. பத்து வருஷம் கழித்தும் எங்கள் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மை வைத்துக்கொண்டிருக்கிறோம், நல்லதுதான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், நம் பிள்ளைகளுக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான் அந்த மருந்தை அவர்கள் வாசல்வரை கொண்டுபோனது. அந்தக் குழந்தைக்காகப் போனது பாதிதான்.

ஊசிக்கு ஞாயிறு சரிப்படாது என்பதும் இல்லை. 2021 செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை, கொரோனா தடுப்பூசிக்குத் தமிழ்நாட்டில் முதல் மெகா முகாம் நடந்தது. ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் ஊசி போட்டார்கள். நர்ஸ் வேண்டும், குளிர்பெட்டி வேண்டும், அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும், எல்லாம் அதற்கும் உண்டு. பிறகு ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுபவர்கள் ஊசிக்குத் தயங்குகிறார்கள் என்று சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். நம் ஆட்டுக்கறிக்காகக் கிழமையை மாற்ற முடிந்த நிர்வாகம், குடோன் வேலைக்குப் போகும் தாய்க்காகவும் மாற்ற முடியும். மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். பிள்ளைகள் சேர்ந்து வருவார்கள், வயலும் வீணாகாது.

பெரியவள்

இந்த எல்லாவற்றிலும் நான் இன்னும் சொல்லாதது பெரியவளைப் பற்றி. அந்தப் புதன்கிழமை அவள் பள்ளிக்குப் போகவில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த வாரமும் போகவில்லை, அம்மா ஓவர்டைம் போன நாளும் போகவில்லை. பள்ளி என்றால் பாடம் மட்டும் என்றால்கூட ஏதோ பார்த்துக்கொள்ளலாம். அவளைப் போன்ற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் சாப்பாடும் ஆஸ்பத்திரியும். காலையில் உப்புமாவோ பொங்கலோ முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் கிடைக்கிறது. மத்தியானம் சத்துணவும் முட்டையும். வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை. தம்பிக்கு ஊசி போடக் கூட வந்த நாளில் அக்காவுக்கு இது எதுவும் இல்லை. வேறு மாநில ரேஷன் கார்டை வைத்து இங்கே அரிசி கோதுமை வாங்கலாம் என்று 2020-லிருந்து வழி இருக்கிறது. ஆனால் நமக்குக் கிடைக்கும் மானியத் துவரம் பருப்பும் பாமாயிலும் அதில் வராது. ஆக, அந்த வீட்டில் புரதம் என்று ஒழுங்காக உள்ளே போவது பள்ளி முட்டைதான்.

அன்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது சிஸ்டர் அவளைக் கூப்பிட்டுக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. "நீ என்ன கிளாஸ்? இன்னைக்கு ஏன் ஸ்கூலுக்குப் போகல?" என்றார். அவள் அதையும் பழக்க தோஷத்தில் அம்மாவிடம் ஒடியாவில் சொல்லத் தொடங்கினாள். "உன்னைத்தான்டி கேக்கறேன்" என்றார் சிஸ்டர். அவள் விழித்தாள். அங்கே வந்த நேரம் முழுக்கத் தம்பியின் வயசு, தம்பியின் எடை, அம்மாவின் போன் நம்பர் என்று டாண் டாண் என்று சொன்னவளுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல எதுவும் வரவில்லை. "தலை சுத்தும் அக்கா, அப்பப்ப" என்று கடைசியில் சொன்னாள். அவளைக் கெட்டிக்காரி, பொறுப்பான பிள்ளை என்று நாம் மெச்சுகிறோமே, மூன்றாம் வகுப்புப் பிள்ளைமேல் ஒரு குடும்பத்தின் ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, வீட்டு ஓனர் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டுச் செய்யும் அந்த மெச்சுதல் எனக்குப் பிடிக்கவில்லை. ஹெல்த் சென்டரில் ஒடியாவோ இந்தியோ தெரிந்த பெரியவர் ஒருவர், வாரத்தில் ஒரு நாளாவது, இருக்கக் கூடாதா? அந்தத் தெருக்களிலேயே பல வருஷம் இருந்து தமிழ் பேசும் ஒடிசாப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால் பெரியவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

ஏப்ரல் முடிந்ததும் வீட்டு ஓனர் வாடகையை ஏற்றினார், அவர்கள் மாதவரம் பக்கம் போய்விட்டார்கள். இரண்டாம் தவணை 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டும். இப்போது யு-வின் என்று ஒரு இணையப் பதிவு நாடு முழுக்க வந்திருக்கிறது, எங்கே போட்டாலும் கணக்கு கூடவே வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது போன் நம்பரில் நிற்கிறது. அந்த வீட்டில் போன் புருஷன் பையில் இருக்கும், ரீசார்ஜ் தீர்ந்தால் சிம் மாறும். அதனால் அந்த நைந்த கார்டை லேமினேட் செய்யாதீர்கள், மேலே எழுத முடியாது, கவரில் பத்திரமாக வையுங்கள், எந்த ஹெல்த் சென்டருக்கும் போகலாம், திருப்பி அனுப்பினால் 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள் என்று பெரியவளிடம் சொல்லி அனுப்பினேன். இதையும் அவளிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வார்டு சபைக் கூட்டத்தில் அங்கன்வாடி டீச்சரும் நானும் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கன்வாடியிலேயே ஊசி, லைன் வீடுகளிலும் குடோன்களிலும் முந்தின நாள் தகவல், எந்த ஊர் கார்டாக இருந்தாலும் ஏற்பது, ஒடியா தெரிந்த ஒரு பெண்ணுக்குச் சம்பளம். டீச்சர் தன் பங்குக்கு ஒரு நோட்டுப் போட்டு, தெருவுக்குப் புதிதாக வரும் கைக்குழந்தைகளைப் பிறந்த மாதத்தோடு எழுதிவருகிறார். மனுவுக்குப் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டோடு போய்த் திரும்பக் கேட்போம்.